எட்டு வயது மகளை ஒரு மாதம் பண்ருட்டிப் பக்கம் விடலாமா?

சென்னையிலேயே பிறந்து வளர்ந்த எட்டு வயது மகளை மே மாதம் முழுக்கப் பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர் பக்கத்தில் உங்கள் அக்கா வீட்டில் விட நினைக்கிறீர்கள். பாம்பு, தண்ணீர், வெயில், கழிப்பறை என்று ஒரு பட்டியல் போட்டு, இதற்கெல்லாம் என்ன மருந்து கொடுத்து அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். 'நாங்கல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்' என்று உங்கள் அம்மா சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். மருந்துப் பட்டியல் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் உங்கள் கேள்வியைப் படிக்கப் படிக்க, நீங்கள் பக்கத்தில் இல்லாத ஒரு மாதம் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன், மருந்து அப்புறம்.

நான் குழந்தை மருத்துவர். கடலூர் மாவட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியிலும் பிறகு சொந்த கிளினிக்கிலுமாகப் பல வருடம் இருந்துவிட்டு இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் மூடியதும் சென்னை, பெங்களூர் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் வந்து இறங்குவார்கள், அடுத்த வாரமே ஓ.பி.யில் புது முகங்கள் தெரியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்து ஆடிப்பாடி மாம்பழம் தின்று கறுத்து சந்தோஷமாகத் திரும்பிப் போன பிள்ளைகள் யாரும் என்னிடம் வருவதில்லை, உடம்புக்கு முடியாதவர்கள்தான் வருகிறார்கள். அதனால் நான் சொல்வதில் பயம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். என் பதில், தாராளமாக அனுப்பலாம். ஆனால் நீங்கள் பயப்படுகிற வரிசையை மாற்ற வேண்டும்.

முதலில் வர வேண்டியது தண்ணீர், அதுவும் குளிக்கிற தண்ணீர். 2022 ஜூன் 5ஆம் தேதி நெல்லிக்குப்பம் பக்கத்தில் கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன ஏழு பேர், பெரும்பாலும் சிறுமிகள், ஒரே நேரத்தில் மூழ்கி இறந்தார்கள். தடுப்பணை ஓரம் தேங்கியிருந்த தண்ணீர்தான் அது. இந்தப் பக்கத்து ஆறுகள் கோடையில் வற்றித்தான் கிடக்கும், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கரையோரம் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும், நாலு அடி தள்ளி எப்போதோ மணல் அள்ளின பள்ளம் இரண்டு ஆள் ஆழத்துக்கு இருக்கும், மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். செம்மண் எடுத்த குழிகளில் கோடை மழைத் தண்ணீர் நின்றாலும் இதே கதைதான். மூழ்குகிற பிள்ளை கத்தும், கையைக் காலை ஆட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கத்த மூச்சு வேண்டுமே? சத்தமில்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் உள்ளே போய்விடும், பத்தடி தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் போகிற விபத்துகளில் பல, ஒருவரைத் தூக்க இன்னொருவர் இறங்கியதால் நடப்பவை. கூட இருக்கப்போகிற அண்ணன்களுக்கு, பதிமூன்று பதினைந்து வயது என்று எழுதியிருந்தீர்கள், யார் விழுந்தாலும் நீ இறங்காதே, கத்து, கயிறோ வேட்டியோ துப்பட்டாவோ வீசு என்று உங்கள் அக்கா வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தூக்கிய பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னமும் நடக்கிறது. அதில் போகிற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அபார்ட்மென்ட் குளத்தில் நீச்சல் கற்றிருக்கிறாள் என்றீர்கள். நல்லதுதான். ஆனால் அங்கே அடி தெரியும், பிடித்துக்கொள்ள விளிம்பு இருக்கும். இங்கே காலடியில் சேறு, கண்ணுக்கு எதுவும் தெரியாது. நீச்சல் தெரிந்த பிள்ளைதானே என்று கூட இருப்பவர்கள் கண்ணை எடுத்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. பம்ப்செட் தொட்டிக் குளியல் வேறு விஷயம். பெரியவர் ஒருவர் தொட்டி ஓரத்தில் நிற்கட்டும், ஈரக்கையோடு மோட்டார் கொட்டாய்க்குள் யாரும் போக வேண்டாம், அப்புறம் ஆசை தீரக் குளிக்கட்டும். போர் தண்ணீர் தலையில் கொட்டாமல் ஊரிலிருந்து திரும்பி வந்தால் போனதற்கு என்ன அர்த்தம்.

இங்கேதான் உங்கள் அக்காவிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி வருகிறது: மதியம் இரண்டு மணிக்கு இவள் யாரோடு இருப்பாள்? காலையில் எல்லோரும் சுறுசுறுப்பாக இருப்பார்கள், சாயங்காலம் தெருவே வாசலில் உட்கார்ந்திருக்கும். பதினொன்றிலிருந்து மூன்று வரைதான் ஓட்டை. பெரியவர்கள் கொல்லையில் முந்திரி பொறுக்கப் போயிருப்பார்கள், இல்லையென்றால் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருப்பார்கள், பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது, 'போய்ப் பசங்களோட விளையாடு' என்பார்கள். என் அனுபவத்தில் குளத்தில் விழுந்ததும் விதையைத் தின்றதும் மரத்திலிருந்து விழுந்து கை உடைந்ததும் பெரும்பாலும் அந்த நேரத்துக் கதைகள். அதே நேரம்தான் அக்னி நட்சத்திர வெயிலும். ஊரே பார்த்துக்கொள்ளும் என்று உங்கள் அம்மா சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி, அன்றைக்கு வீட்டுக்கு இரண்டு கிழவிகள் திண்ணையில் இருந்தார்கள். இன்றைக்கு ஊரே என்றால் யாருமில்லை என்றுதான் ஆகிவிடுகிறது. பெரியம்மாவோ பெரியப்பாவோ பாட்டியோ, இன்ன நேரத்துக்கு இன்னார் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிமூன்று வயது அண்ணனை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், அக்கா கோபித்துக்கொள்ளவும் கூடும், பரவாயில்லை, கேளுங்கள்.

பாம்பு. முந்திரிக் கொல்லையில் சருகுக்குள் பாம்பு இருக்கத்தான் செய்யும், செருப்புப் போட்டு, தரையைப் பார்த்து நடந்து, பொந்திலும் விறகுக் கட்டிலும் கை விடாமல் இருந்தால் பகல் ஆபத்து பெரிய அளவு குறைந்துவிடும். எனக்கு ராத்திரிதான் கவலை. கட்டுவிரியன் ராத்திரி வீட்டுக்குள் வரும், தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும், கடித்த இடத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடிகாலையில் பிள்ளை எழுந்து வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்னும், வாந்தி எடுக்கும், கொஞ்ச நேரத்தில் கண் இமை தொங்கும். நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சுத் தசையும் செயலிழந்துவிடும். தரையில் படுத்த பிள்ளைக்கு விடிந்ததும் இமை தொங்கினால் அது பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கட்டிலில் படுக்கட்டும். எல்லோரோடும் தரையில் படுத்தால்தான் ஜாலி என்றால், கொசுவலை கட்டி அதன் விளிம்பை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். வலை கொசுவையும் தடுக்கும், கட்டுவிரியனையும் தடுக்கும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் ஏறுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டியதில்லை. பிள்ளைக்கும் பெரியவருக்கும் அந்த மருந்தின் அளவும் ஒன்றேதான், விஷம் ஆளைப் பார்த்துக் குறைவதில்லை. பக்கத்து ஊரில் வேர் கொடுப்பவர் இருக்கிறார், நிறையப் பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்கள். நிறையக் கடிகள் விஷமில்லாத பாம்புடையவை, விஷப்பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும், அவர்கள் வேர் தின்னாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். இரவிலும் விஷமுறிவு ஊசி போடுகிற பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். மூச்சுக்கு மெஷின் தேவைப்படுகிற நிலை வந்தால் கடலூர் தலைமை மருத்துவமனை, இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர் என்று அங்கிருந்தே அனுப்புவார்கள். தேள் கொட்டினால் வலி மட்டும் என்றால் பயமில்லை, ஆனால் செந்தேள் கொட்டிய பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டு வேர்த்துக் கொட்டி வாந்தி வந்தால் அதுவும் ஆஸ்பத்திரி விஷயம்தான், இதயத்தைப் பாதிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, காடாம்புலியூர் முந்திரி ஊர் என்பதால் சொல்கிறேன். மே மாதத்தில் முந்திரிக்கொட்டை கீழே விழுந்து கிடக்கும், பிள்ளைகள் பொறுக்கிவந்து சுடுவார்கள். பழைய தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, கொட்டையைப் பரப்பி, அடியில் சருகும் பனைமட்டையும் வைத்துக் கொளுத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டையின் ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து தகரத்தின் மேலேயே தீப்பிடிக்கும், கரும்புகை கிளம்பும், கொட்டைகள் புஸ்ஸென்று பீச்சித் தெறிக்கும். கவிழ்த்து மண்ணை வாரிப் போட்டு அணைத்து, ஆறியதும் கல்லில் வைத்துத் தட்டினால் உள்ளே கருகின ஓரத்தோடு பருப்பு. அந்த ருசி பாக்கெட் முந்திரியில் கிடையாது, நானே சொல்கிறேன். ஆனால் அந்த எண்ணெய் பட்ட இடத்தில் தோல் கறுத்துக் கொப்பளித்து, சில நாளில் தோலாக உரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும், பட்டணத்துப் பிள்ளைதான் பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்து உடைக்கப் பார்க்கும், மறுநாள் உதடெல்லாம் வீங்கி வந்து நிற்கும். மாங்காய்க் காம்பில் வடிகிற பாலும் அதே குடும்பம், அதே சங்கதி. பட்டால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடவிடாதீர்கள். சுடும்போது காற்று வருகிற பக்கமாக, புகை படாமல் எட்டி நின்று பார்க்கட்டும். ஏற்கெனவே முந்திரி, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால், இந்த ஊருக்கு அனுப்புவதை உங்கள் மருத்துவரிடம் பேசாமல் முடிவு செய்யாதீர்கள்.

வேலியோரத்துக் காட்டாமணக்கு விதை நிலக்கடலை மாதிரி இனிக்கும், கூட்டமாகத் தின்றுவிட்டுக் கூட்டமாக வாந்தி எடுத்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். அரளி விதை அப்படியில்லை, இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, அப்புறம் எலி பேஸ்ட், இவை எங்கே இருக்கின்றன என்று அக்காவிடம் கேட்டு மேலே ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். எலி பேஸ்ட் தின்ற பிள்ளை முதல் நாள் நன்றாகவே விளையாடும், ஈரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். எதைத் தின்றிருந்தாலும் வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாய் கடித்தாலும் பூனை பிராண்டினாலும், குட்டியாக இருந்தாலும், சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஊசி. பிள்ளைகள் திட்டு விழும் என்று இதை மறைப்பார்கள். சொன்னால் திட்ட மாட்டேன் என்று போவதற்கு முன்பே நீங்கள் வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து கொடுத்து அனுப்புங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் தண்ணீர் அளவை மாற்றாமல் கலக்க வேண்டும். பாராசிட்டமால் அவள் எடைக்கு எவ்வளவு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். மருந்துப்பை அவ்வளவுதான். பலாப்பழம் தின்றால் பேதியாகும் என்று பயப்படுகிறீர்கள். அளவோடு தின்றால் ஒன்றும் ஆகாது, இரண்டு நாள் உப்பிசம் இருக்கலாம். நான் அதிகம் பார்ப்பது நேர்மாறு. குந்தி உட்காரப் பழக்கமில்லாத பிள்ளை, வீட்டுக்கு வெளியே இருட்டான கழிப்பறை, சொல்லக் கூச்சம், அடக்கி அடக்கி நாலாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும். ஸ்கேன் வரைக்கும் போன வயிற்றுவலிகள்கூட இப்படி முடிந்திருக்கின்றன. போவதற்கு முன்பு குந்தி உட்காரப் பழக்குங்கள், தினமும் காலையில் துணைக்கு ஒருவர் போகட்டும், ராத்திரிக்கு ஒரு டார்ச்.

அழுவாளா என்றால், அநேகமாக அழுவாள், முதல் இரண்டு மூன்று ராத்திரி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. பிடிக்கலன்னா சொல்லு, உடனே வந்து கூட்டிட்டுப் போறேன் என்று முன்கூட்டியே பேரம் பேசுவது ஏக்கத்தைக் கூட்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2007இல் வெளியிட்ட பரிந்துரையே இருக்கிறது. அது பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள் நடுவே தங்குகிற முகாம்களை வைத்துச் சொன்னது, பெரியம்மா மடிக்கு எவ்வளவு பொருந்தும் என்பது சந்தேகம்தான். ஆனாலும் நான் பார்த்த வரையில் பொருந்துகிறது. நீங்களும் போய் இரண்டு நாள் கூட இருந்துவிட்டு, எந்தத் தேதி வந்து அழைத்துப் போவேன் என்று காலண்டரில் காட்டிவிட்டு, சொல்லாமல் நழுவாமல் அவள் பார்க்கவே கிளம்பி வாருங்கள். வீடியோ கால் காலையில் போடுங்கள், விளக்கு வைத்த நேரத்தில் அம்மா முகத்தைக் காட்டினால் அன்றைய ராத்திரி போச்சு. செல்போன் பழக்கம் ஊருக்குப் போனால் போய்விடும் என்று நம்பாதீர்கள், அண்ணன்கள் கையிலும் போன்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், எழுதக் கஷ்டமாக இருந்தாலும். பிள்ளைகளிடம் தப்பாக நடப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள், உறவுக்காரர்களும் அதில் உண்டு. உங்கள் அக்கா வீட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, எல்லா வீட்டுக்கும் இதையேதான் சொல்கிறேன். இவள் பெரியம்மா பக்கத்திலோ பாட்டி பக்கத்திலோ படுக்கட்டும். யாராவது தொடுவது பிடிக்கவில்லை என்றால் கத்தலாம், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம் என்று சாதாரணமாகப் பேசிவையுங்கள். ஒரு வாரம் கழித்தும் சரியாகச் சாப்பிடவில்லை, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்திருக்கிறது, குறிப்பிட்ட ஒருவர் பெயரைச் சொன்னால் முகம் மாறுகிறது என்றால், காரணம் என்னவென்று போனில் ஆராயாதீர்கள். பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள்.

மண்ணில் புரண்டால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்பதையும் கேட்டிருந்தீர்கள். மாட்டுக்கொட்டகையோடு கைக்குழந்தையிலிருந்தே வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா, ஒவ்வாமை குறைவு என்று ஐரோப்பாவில் நிறையப் பார்த்திருக்கிறார்கள், அது உண்மை. எட்டு வயதில் ஒரு மாதம் போய் வந்தால் அது கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதற்காக அனுப்ப வேண்டாம், அண்ணன்களோடு சண்டை போட்டு மரமேறி வரட்டும் என்று அனுப்புங்கள். தடுப்பூசி அட்டையை மட்டும் ஒரு தடவை பாருங்கள். கடலூர் மாவட்டத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பல வருடமாக அரசு அட்டவணையில் இருக்கிறது, சென்னையில் பிறந்த பிள்ளைகளுக்கு அது போடாமல் விட்டுப்போயிருக்கலாம். நெல்வயல் தண்ணீரில் வளரும் கொசுவால் வருவது, மழைக்காலத்தில்தான் அதிகம், மே மாதத்தில் அவசரமில்லை. அடிக்கடி போய்வரப் போகிறாள் என்றால் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடலாம். ஆஸ்துமா, வலிப்பு மாதிரி ஏதாவது இருந்தால் நான் மேலே எழுதியது போதாது, அவளைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வது சரியுமில்லை.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கவனமாக இருங்கள். புதரில், புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் இந்தப் பக்கம் உண்டு. மழையும் குளிருமான மாதங்களில்தான் கூடுதல், கோடையில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கடித்துப் பத்து நாள் போலக் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும், அதற்குள் பிள்ளை சென்னைக்கு வந்திருக்கும், அங்கே டெங்கு, டைஃபாய்டு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் துணி இறுக்கும் இடம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் தேடிப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கோடு ஒரு புண் இருக்கும், வலிக்காது, அதனால் அவளே சொல்ல மாட்டாள். புண் இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்கிற விலை குறைந்த மாத்திரையில் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அதனால் மருத்துவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு மாதம் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொல்லையில் சுற்றினாள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.